அடுத்த வாரம் வந்துடும்

போன் அலறியது.

காலை ஒன்பதரை. எலெக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டரின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யாருக்கு ஞாபகம்? வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

'அடுத்த வாரம்!'

எட்டு மாதமாக எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. கார்த் திரையில் புது மேப் எப்போது வரும்? என் செல்போன் அந்தத் திரையோடு எப்போது சேரும்? இரண்டுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"அடுத்த வாரம் வந்துடும் சார்."

அந்தப் பெயரை முதலில் வைத்தவர் பிரஸ்காரர். அச்சகம் நடத்துகிறவர். இதுவரை முப்பத்து நாலு புகார் அனுப்பியிருக்கிறார், ஒன்றில்கூட எழுத்துப்பிழை கிடையாது.

ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க கம்பெனி கார் ஒண்ணு கால்வாயில மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது. உள்ள ஒருத்தர் இறந்து கெடக்கார். பிரிண்டிங் பிரஸ் ஓனர். தெரியுமா?"

தெரியுமாவா... 

"தெ... தெரியும் சார்."

"ஆறு மாசம் முன்னாடி இடிச்ச பாலம். பாலம் இன்னும் இருக்கறதா நெனச்சு நேரா விட்டிருக்கார். உங்க பழைய மேப்தான் காரணம்னு அவரோட தம்பி சொல்றாரு. அவரைக் கூட்டிக்கிட்டு அங்கதான் வர்றேன். நீங்க எங்கயும் போயிடாதீங்க."

லைன் துண்டிக்கப்பட்டது.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு வியர்த்தது.

"இதோ பாரு, அப்டேட் தலைமை ஆபீஸ்லேருந்து வரணும், வரலை. அவ்வளவுதான் பேச்சு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே."

வேற ஒன்று இருந்தது. அது மேனேஜருக்கே தெரியாது!

நேற்று சாயங்காலம் பிரஸ்காரர் வந்தார். வழக்கம்போலச் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"என்னம்மா அடுத்த வாரம்... எனக்கு வயசாகுது. இன்னும் எத்தனை அடுத்த வாரம்?"

அது அவளைச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர் போனதும், தலைமை ஆபீஸ் சோதனைக்கென்று ஒதுக்கிய பத்து கார்களின் பட்டியலைத் திறந்து, பதினொன்றாவதாக அவர் கார் நம்பரைச் சேர்த்துவிட்டாள். அந்தக் கார்களுக்கு மட்டும் போகிற, முழுதாகச் சோதித்து முடிக்காத அப்டேட். யாரையும் கேட்கவில்லை.

இப்போது அதையே யோசித்தாள்.

அது ராத்திரி காரில் ஏறியிருந்தால்... அரைகுறை அப்டேட் பிரேக்கை ஏதாவது செய்து தொலைத்ததா? ஏறாமல் இருந்தால், பழைய மேப் கொன்றிருக்கிறது. அதற்கு எட்டு மாதமாகப் பொய் சொன்னவள் யார்? எப்படிப் பார்த்தாலும் ஒரு மனுஷனைக் கொன்றது தான்தான் என்று தோன்றியது.

பட்டியலைத் திறந்தாள். பதினொன்றாவது வரி. பக்கத்திலேயே 'நீக்கு' என்ற பொத்தான். ஒரு தட்டு தட்டினால் போதும், யாருக்கும் தெரியாது.

விரல் அதன்மேல் நின்றது.

அதே திரையின் மூலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. படிக்காத புகார் ஒன்று. அனுப்பியவர் பிரஸ்காரர். இன்று காலை மணி 5.05.

முப்பத்தைந்தாவது! திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் தம்பிக்காரர் நுழைந்தார். அழுது சிவந்த கண்கள்.

"இவதான் சார்! வாரா வாரம் எங்கண்ணன் காதுல பூ சுத்தினவ. இவளை உள்ள தள்ளுங்க."

"இருங்க. மேப்ல பாலம் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"என்கிட்டயும் இதே கார்தான் சார். ரெண்டு பேரும் ஒரே நாள்ல எடுத்தோம். காலைலகூட என் கார்ல பார்த்தேன். பாலம் கல்லு மாதிரி நிக்குது. அப்டேட் எவனுக்கும் வரலை."

"அண்ணன் எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"அஞ்சு, அஞ்சேகால் இருக்கும். இருட்டோட பிரஸ்ஸைத் திறக்கறது அவர் வழக்கம். நான் என் வீட்ல தூங்கிட்டிருந்தேன் சார். நீங்க கூப்பிட்டப்பத்தான் முழிச்சேன். போன் தலைமாட்டுலதான் இருந்துது."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றீங்க?"

மேனேஜர் கண்ணாலேயே மிரட்டினார்.  நேற்றைய அந்த மெதுவான குரல் காதில் கேட்டது. 'நீக்கு' பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"சார்... அவர் காருக்கு மட்டும் நான் அப்டேட் அனுப்பினேன். நேத்து சாயங்காலம். யாருக்கும் தெரியாம."

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உன் வேலை போச்சு."

"போகட்டும் சார். அவரே போயிட்டாரே."

தம்பிக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அது கார்ல ஏறிச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முப்பத்தைந்தாவதைத் திறந்தாள். படித்தாள். அப்படியே விம்மிவிட்டாள். இன்ஸ்பெக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வாய்விட்டுப் படித்தார்.

"'வந்துவிட்டது அம்மா. கார்த் திரையில் பார்த்தேன். இடித்த பாலத்தின் இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். மகிழ்ச்சி. இன்றிலிருந்து உனக்கு இந்த வாரம் என்று பெயர்.'"

இன்ஸ்பெக்டர் அதை இன்னொரு தடவை படித்தார்.

"ஆக, பாலம் இல்லைன்னு அவருக்குத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் ஏன் அங்க போனார்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் அனுப்பிய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். சட்டென்று நிறுத்தினாள்.

"சார், அப்டேட்டோட இன்னொண்ணும் வந்திருக்கு. கார் வாங்கறப்பவே வீட்டுக்காரங்க போனையெல்லாம் அதுல பதிஞ்சு வெச்சோம். அதுல எது உள்ள வந்தாலும், கேக்காமலே திரையோட சேர்ந்துக்கும். 5.22க்குத் திரையை யாரோ அணைச்சிருக்காங்க. திரை மட்டும்தான் அணைஞ்சுது, மத்ததெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துது. அதே நிமிஷம் அவர் போனைத் தவிர இன்னொரு போன் சேர்ந்திருக்கு. 5.48க்குக் கால்வாய்கிட்ட பிரிஞ்சிருக்கு."

"யார் போன்?"

அவள் தம்பிக்காரரைப் பார்த்தாள்.

"தலைமாட்டுல இருந்ததா சொன்னாரே... அந்த போன்."

தம்பிக்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

"இருட்டுல முகத்துல வெளிச்சம் விழக்கூடாதுன்னு திரையை அணைச்சீங்களா?" இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் விழுந்தது. "மண்டையில இருந்த காயம் கார் விழுந்ததுல பட்டதுன்னு நானும் நம்பிட்டேன். என்ன தகராறு?"

தம்பிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிரஸ்ஸை வித்துடலாம்னு ஒரு வருஷமாக் கெஞ்சினேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். காலைலயும் பிரஸ் வாசல்ல போய்க் கேட்டேன். சிரிச்சார் சார். அப்டேட் வந்த சந்தோஷத்துல சிரிச்சிருக்கார்னு இப்பத்தான் புரியுது... கைல கெடச்ச இரும்புக் கம்பியை எடுத்துட்டேன். பழி பழைய மேப் மேல போகட்டும்னு கார்ல ஏத்திக் கால்வாய்ல விட்டேன்."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"எட்டு மாசம் வராத சனியன், இன்னும் ஒரே ஒரு நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?" என்று முனகினார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "நான் எப்ப சார் வெளிய வருவேன்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவங்கதான் பதில் சொல்லுவாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டு மாதமாகப் பழகிய அந்தப் பணிவான குரலிலேயே சொன்னாள்:

"அடுத்த வாரம் வந்துடுவீங்க சார்."