பிறந்த வீட்டுக் கோடி

திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும் மண்சாலையின் கடைசியில் அந்த வீடு இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வழியெல்லாம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் அந்த வாசலில் மட்டும் கத்தவில்லை.

"கால் வழுக்கும், பாத்து வாங்க" என்று மணியம்மாள் உள்ளே அழைத்துப்போனாள். வீட்டை விற்கப்போகிறவள் அவள்தான். சுவர் முழுக்க ஈரம். ஈரத்துக்கு அடியில் விளக்கெண்ணெய் வாசனை.

குப்புராஜ் அண்ணன் பழைய காலத்துத் துணிப் பொம்மைகளைத் தேடித் தேடி வாங்குகிறவர். முகம், நகை, ரவிக்கை எல்லாம் வர்ணத்தால் எழுதிய பொம்மைகள். காக்களூர் தொழிற்பேட்டையில் இருந்த அவருடைய சின்ன யூனிட்டில் அவற்றை அச்சு அசலாக நகல் செய்து அனுப்புவோம். சந்திரகலா அசல் பொம்மையின் தையலைப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் படியெடுத்து, பிறகு பழையபடியே தைத்து வைப்பாள். நகல்களுக்கு முகம் எழுதுவது நான்.

மணியம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள். முழங்கை நீளத்தில் ஒரு பெண். கரி வைத்து எழுதிய கூந்தல், மூக்குத்தி, சிவப்பு ரவிக்கை. இறுக மூடிய உதடு. இடுப்புக்குக் கீழே வெறும் துணி.

"சேலை எங்கம்மா?" என்றார் குப்புராஜ்.

"நிக்காதுங்க. எதைச் சுத்தி வுட்டாலும் காலையில கீழ கெடக்கும்."

"எலி இழுத்துக்கினு போவும்."

மணியம்மாள் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு எப்போதோ வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி தன்னைப் போலவே செய்துகொண்ட பொம்மை அது என்றாள். அவள் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. பிறந்த வீட்டோடு ஏதோ சண்டை. அவள் இறந்ததும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பி, பொழுது சாயும்வரை உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.

"அம்மா ஊட்லருந்து ஒரு ஈ, காக்கா வரல. கோடி இல்லாமலே தூக்கினு போயிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவளுடைய பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவார்கள். இவளுக்கும் ஒரு வீடு இருந்தது என்பதற்கு அதுதான் கடைசி அடையாளம்.

திரும்பும் வழியில் சந்திரகலா பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள். எனக்குக் காரணம் தெரியும். அவள் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். கணவன் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை விபத்தில் போனபோதுகூட அவள் வீட்டார் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பூமிகா ஒருத்திதான்.

மறுநாள் அவள் பொம்மையைப் பிரித்தாள். சிவப்பு நூல். ஒரு குத்து முன்னே, இரண்டு குத்து பின்னே. ஒவ்வொரு தையலும் நெல்மணி அளவு.

"இன்னா கை அக்கா இவளுக்கு! நானெல்லாம் தச்சா ஒரு வாரம் ஆவும்" என்றாள்.

உள்ளே இருந்த பஞ்சை எடுத்ததும் பொம்மை தட்டையாகிவிட்டது. சாயங்காலம் பக்கத்து கம்பெனியில் சங்கு ஊதி, ஷிப்ட் வண்டிகள் கிளம்பத் தொடங்கின. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் வரவில்லை.

"இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டுப் போவ மனசு வரலக்கா."

பூமிகாவுக்கென்று வாங்கி வைத்திருந்த புது வெள்ளைத் துண்டைப் பையிலிருந்து எடுத்தாள். மேசைமேல் கிடந்த அந்தத் துணி உருவத்தின்மேல் மெதுவாகப் போர்த்தினாள்.

"இந்தாடி. பொறந்த ஊட்லருந்து கொண்டாந்தேன்னு வச்சிக்கோ. அழாத."

"பொம்மைக்கு நீ தங்கச்சியா?" என்று சிரித்தேன்.

"இருந்துட்டுப் போறேன். கொறஞ்சா பூடுவேன்?"

காலையில் ஷட்டரைத் திறந்தபோது துண்டு கீழே விழுந்திருக்கவில்லை.

கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, இரண்டு பக்கமும் ஓரம் உள்ளே செருகியிருந்தது.

தூங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல.

ராத்திரி யாரும் வரவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். சந்திரகலாவுக்கு என்னவோ சந்தோஷம்தான். எனக்கு மட்டும் அந்த விளக்கெண்ணெய் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. அன்று எழுதிய முகங்களில் ஒன்றுகூட எனக்குச் சரியாக வரவில்லை. அசலைப் பார்க்காமலே எழுதினேன்.

பொம்மையைத் திரும்பத் தைத்து, அந்தத் துண்டையே சேலையாகச் சுற்றினாள். அது நின்றது. குப்புராஜ் அண்ணன் அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தபோது, "வந்த பொண்ணை அனுப்ப மாட்டேங்க" என்று சொல்லிவிட்டார். காலையில் ஓர் ஊதுபத்தியும் ஏற்றி வைப்பார். யூனிட்டில் சுற்றிக்கொண்டிருந்த பூனைக்குட்டி அந்தப் பெட்டியை ஒட்டிச் சுருண்டு படுக்கும். பள்ளி விட்டு வரும் பூமிகா தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பொம்மைக்கு வைத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு அக்கான்னா எனக்குப் பெரிம்மா தானே ஆன்ட்டி?"

ஆமாம் என்று நான்தான் சொன்னேன்.

ஒருநாள் மதியம் பூனைக்குட்டியின்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது.

"பூனைக்கு யார்டி போர்வை தச்சது? குளிர்காலம் வந்துருச்சா?" என்று எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் நான்தான் என்று சொல்லவில்லை. அன்று மாலை குட்டி ஒரு கன்டெய்னர் லாரியின் அடியில் ஓடி நசுங்கிப்போனது.

பிறகு குப்புராஜ் அண்ணன். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்து, மார்பிலிருந்து கால்வரை கிடந்த துணியை மடித்துக்கொண்டே வந்தார்.

"யாரும்மா போத்துனது? சுகமா இருந்திச்சு, நல்லா தூங்கிட்டேன்."

சந்திரகலா துணியை வாங்கி ஓரத்தை விரல்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தாள். சிவப்பு நூல். ஒரு குத்து முன்னே, இரண்டு குத்து பின்னே.



அந்த வாரமே குப்புராஜ் அண்ணன் அதே நாற்காலியில் போய்ச் சேர்ந்தார். தூங்குகிறார் என்றுதான் வெகுநேரம் நினைத்தோம். மாரடைப்பு என்றார்கள்.

"கெட்டது பண்ணணும்னு வரலக்கா அது" என்றாள் சந்திரகலா. யூனிட்டின் பின்பக்கம், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். அவள் கிசுகிசுத்தாள். "பூனை அதும்பக்கத்துல படுத்திச்சு. அண்ணன் பெட்டி செஞ்சாரு. யார்யாரு நல்லது பண்ணாங்களோ அவங்களுக்குத் திருப்பிச் செய்யுது. செத்தவளுக்கு வேற இன்னா சீர் தெரியும்?"

"கொளுத்திடலாம்டி."

"பொறந்த ஊடுன்னு சொல்லிட்டு, நானே கொள்ளி வைக்கிறதா?"

நான் ஜெபம் செய்தேன். அவள் அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். எங்களுக்குத் தெரிந்த வாசல்கள் அவ்வளவுதான். பூமிகாவை யூனிட் பக்கமே வரவிடவில்லை.

ஒரு விடியற்காலை என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு வெள்ளைத்துணி இருந்தது. குழந்தை அளவு.

"புள்ள மேல கெடந்திச்சுக்கா."

மஞ்சள் வைக்காத புதுத்துணி. நல்ல காரியத்துக்கு வாங்கும் துணிக்கு நாங்கள் முனையில் மஞ்சள் தடவுவோம். அவள் மஞ்சளைக் குழைத்து நான்கு முனையிலும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். விரல்தான் மஞ்சளானது. துணியில் ஒட்டவேயில்லை.

மதியத்துக்குள் பூமிகாவுக்கு ஜுரம் ஏறிவிட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஊசிக்கும் மருந்துக்கும் ஜுரம் அசையவில்லை. குழந்தை கண்ணைத் திறக்காமல், "பெரிம்மா தச்சாங்க" என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்த அந்தத் துணி எப்படியோ கட்டில் விரிப்புக்கு மேலே கிடந்தது. சந்திரகலா எடுத்து எறிந்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் மறுபடி கழுத்துவரை ஏறியிருந்தது.

பொழுது சாய்ந்து, வார்டில் விளக்கு போடுவதற்கு முந்தைய அந்த மங்கல் நேரம்.

விளக்கெண்ணெய் வாசனை வந்தது.

சந்திரகலா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள். எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "பொறந்த ஊட்டுக்காரி சொல்றேன், கேளு. துணி கொண்டாந்தவ நானு. மொதல் சீரு எனக்குத்தான். முறையை மாத்தாத. புள்ளைய வுட்டுடு. அது வெறும் பொட்டு தான் வச்சுது."



எங்கேயோ நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் என் கையைப் பிடித்தாள். "பூமிகாவுக்குத் தல வாரி வுட நேரம் ஆவும்கா. சிக்கு விழுந்துடும். பொறுமையா வாரு." கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள். நான் இருவருக்கும் நடுவே சுவரில் சாய்ந்து ஜெபித்தபடியே இருந்தேன். எந்த வசனத்தில் தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை.

"ஆன்ட்டி, பசிக்குது."

விடிந்திருந்தது. பூமிகா எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. அவள்மேல் துணி இல்லை.

நான் கீழே பார்த்தேன்.

கழுத்திலிருந்து பாதம்வரை. இரண்டு பக்கமும் ஓரம் உள்ளே செருகியிருந்தது.

சந்திரகலாவின் பிறந்த வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எதிர்பார்த்தது போலவே யாரும் வரவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருத்தி உடல்மேல் இருந்த துணியைக் காட்டி, "இது யாரு போட்ட கோடி? தையல் எவ்ளோ அழகா இருக்குது" என்றாள்.

"பெரிம்மா" என்றாள் பூமிகா.

பொம்மையை அவளோடே சிதையில் வைத்தேன். அக்காவும் தங்கையுமாகப் போகட்டும் என்று நினைத்தேன். யூனிட்டை மூடிவிட்டார்கள். நான் எழுதிய நகல்கள் எந்தெந்த ஊரில், எந்த அலமாரியில் இருக்கின்றனவோ தெரியாது. பூமிகாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எனக்கும் யாரும் இல்லை. தலை வாரிவிடுவேன்; பொறுமையாக, சிக்கு எடுத்து. பள்ளிக்கு டப்பா கட்டிக் கொடுப்பேன். முதல் மாதங்களில் அழுதாள். பிறகு அழுகை நின்றது. வீட்டில் ஒரு குழந்தையின் சத்தம் இருப்பதற்காகத் தினமும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய வெள்ளைத்துணி, கையில் ஊசி. நான் அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததில்லை. வீட்டில் சிவப்பு நூலும் கிடையாது.

ஒரு குத்து முன்னே. இரண்டு குத்து பின்னே.

"யாருக்கும்மா அது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி." நிமிர்ந்து சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு. "நீங்க எனக்குச் சோறு போடுறீங்க, தல வாரி வுடுறீங்க. நானு உங்களுக்கு எதுவும் பண்ணலல்ல?"

சின்னதாகச் செய்த அன்புகூட வீண்போகாது என்று ஆயுள் முழுக்க நம்பினேன். பூமிகாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் பிடுங்கி எறிய எனக்குக் கை வரவில்லை. எவ்வளவு ஆசையாகத் தைத்திருக்கிறாள்.

அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"நீட்டு பத்துமான்னு தெரியல. அளவு பாக்கணும். கொஞ்சம் படுத்துக்கோங்க ஆன்ட்டி."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அந்த வாசனை எனக்கு வரவில்லை. விளக்கெண்ணெய் வாசனைதான் வந்தது.

பிள்ளையின் முகம் வாடிவிடக்கூடாதே என்று நான் பாயை விரித்தேன்.