இரைமுறை

வெயில் தாழ்ந்ததும் தெருவின் இரு முனைகளிலும் வலைக்கதவுகள் இறங்கின. எல்லா வீடுகளிலும் சன்னல்கள் மூடிக்கொண்டன. ஸ்டெல்லா பிளாஸ்டிக் நாற்காலியோடு நடுத்தெருவுக்கு வந்தாள். இன்று அவள் வீட்டு முறை.

மின்கம்பியில் தும்பிகள் காத்திருந்தன. விரல் நீள இயந்திரங்கள். கண்ணாடிச் சிறகு, வயிற்றில் பச்சை விளக்கு. மருந்துக்குக் கொசு சாவது எப்போதோ நின்றுவிட்டது. கருவி விடும் போலி மூச்சுக்கும் அவை ஏமாறுவதில்லை. மனிதர் ஒருவர் உட்கார்ந்தால்தான் தெருவோரக் கால்வாயிலிருந்து கிளம்பும். அவற்றைப் பிடித்து முடித்த பிறகே தும்பிகள் தெருவைத் திறந்துவிடும். பகல் வெயிலில் யாரும் நடமாட முடியாத ஊரில், வெளியுலகம் என்பது இரவு மட்டும்தான்.

மாடிச் சன்னல் கண்ணாடியில் மகள் ஜெனியின் முகம் ஒட்டியிருந்தது. தெரு திறந்தால் இன்று சைக்கிள் ஓட்டலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழேயே நின்றது.

இருட்டியது. ஒரு தும்பியும் அசையவில்லை.

எதிர்வீட்டு யூசுப் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஸ்டெல்லாம்மா, ஒண்ணுகூட வரலியா? எனக்குப் போன வாரம் கல்யாணக் கூட்டம் மாதிரி வந்துச்சே."

"எனக்கென்ன தெரியும் பாய்."

அருகில் வந்தவர் மூக்கைச் சுளித்தார். "வேப்பெண்ணெயா? தலையிலேர்ந்து காலு வரைக்குமா?"

அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"தும்பிங்கள பட்டினி போட்டுட்டியே தாயே."

"சிரிக்காதீங்க பாய். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். டெங்குவில் இறந்துபோன அவளுடைய மூத்த மகனை, காய்ச்சல் முற்றிய அன்று ஆம்புலன்ஸ் வரை தூக்கிச் சென்றவர் அவர்தான். அதன் பிறகு தெரு எத்தனை இரவு திறந்தும் ஜெனி வெளியே வந்ததில்லை.

"போய்க் குளிச்சிட்டு வா," என்றார். "நானும் கூட உட்கார்றேன்."

"உங்க முறை முடிஞ்சிபோச்சே."

"என் ரத்தம் ஓடுற ஓட்டல் மாதிரிம்மா. போர்டே வேணாம், கூட்டம் சேரும்."

திரும்பி வந்தபோது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. ஸ்டெல்லா உட்கார்ந்தாள். ஈரக் கைகளை மடிமேல் விரித்து வைத்தாள்.

காதோரம் அந்தச் சத்தம் வந்தது. மருத்துவமனை இரவுகளில் அவள் துரத்திக்கொண்டே இருந்த சத்தம். கண்களை மூடிக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை.

சத்தம் பாதியில் அறுந்தது.

கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேல் சிறகுகள் மின்னின. வயிறு நிறைந்த தும்பிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"பார்த்தியா, பந்தி களை கட்டிடுச்சு," என்றார் யூசுப்.

வலைக்கதவுகள் ஏறின. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாடிச் சன்னலில் முகத்தைக் காணவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஏதோ இடித்து உருளும் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா எழுந்து இரண்டு நாற்காலிகளையும் ஓரமாக இழுத்துப் போட்டாள். சைக்கிளுக்கு வழி வேண்டும்.