ஏழாம் வாசலின் தண்ணீர்க் கோடு

தம்புசாமி கிராணி பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, காதில் பென்சில். கிள்ளான் ஆறு ஊருக்குள் புகுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சுவரில் தார்க்கோடு போடவைத்து எழுதிக்கொள்வது, சர்க்கார் குமாஸ்தாவான அவர் உத்தியோகம். முழங்காலுக்கு மேல் நின்ற வீட்டை இடிப்பார்கள். மற்றதில் ஆளைக் குடியேற்றுவார்கள்.

போன வாரம் கிராணி எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. கோட்டில் சேறு பட்டுவிட்டால்? சந்து முனையில் குடைக்குக் கீழே நின்று, "எல்லாம் முழங்கால்" என்று தீர்ப்புச் சொன்னார். லயத்தின் இருபது வீட்டு வாசலிலும் வெள்ளம் மரியாதையாக முழங்காலோடு நின்றுகொண்டது. ஏழாம் வாசலில் மாரியாயி என்ற கூலிக்காரி மட்டும் வெள்ளத்தன்று கூரை உத்தரத்தைக் கட்டிப்பிடித்தபடி செத்துக் கிடந்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் ஆள் மூழ்க முடியாதே! காய்ச்சல் என்று எழுதிவிட்டார்.

இப்போது தகராறு அந்த ஏழாம் வாசலில்தான். கோடு போடும் கன்னையாவுக்கு அந்த வீட்டைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவன் மனைவி வீரம்மாவுக்கு நிறைமாதம். இன்றைக்குள் குடியேறாவிட்டால் வேலையும் இல்லை, கூரையும் இல்லை.

"முழங்காலுக்குப் போட்ட கோடு, இன்னைக்கு மாருக்கு வந்துருச்சுங்க" என்றான் கன்னையா.

"நடந்து வந்துச்சா? தார் வாளி உன் கையில. யாருக்குடா காது குத்துற?"

"நான் தொடலீங்க."

"உள்ள பெருக்கப் போனேன், மூச்சு முட்டுச்சுங்க" என்றாள் வீரம்மா.

"புள்ளத்தாச்சிக்கு எங்க போனாலும் முட்டும். நானே உள்ள உக்காந்து பாக்குறேன், எந்தப் பய பூசுறான்னு!"

ஒரு நாற்காலியை உள்ளே போடச் சொல்லி, கிராணி கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே மண் வெடிக்கிற வெயில். கொஞ்ச நேரம் அவர் செருமுவது மட்டும் கேட்டது.

"கன்னையா... தண்ணி ஊத்துறியா?"

"இல்லீங்க."

கதவிடுக்கில் ஒரு நாற்றம் கசிந்தது. ஆற்றுச் சேறும் அழுகிய வாழைமட்டையும் கலந்த நாற்றம்.

"விளையாடாதடா. முழங்கால் நனையுது."

வீரம்மா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நாற்காலி எதிலோ மிதந்து சுவரில் இடித்தது.

டொக்.

டொக்.

"கதவைத் திறடா!"

கன்னையா தள்ளினான். நனைந்த பலகை போலக் கதவு ஊதி, நிலையில் இறுகியிருந்தது. கிராணியின் குரல் மேலே மேலே ஏறிப் போய், கூரைக்கு அடியில் நின்றது.

கடப்பாரையால் நெம்பித் திறந்தான்.

தரையில் புழுதி. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஏணியும் இல்லாமல், ஒன்பதடி உயர உத்தரத்தின் மேல் கிராணி உட்கார்ந்திருந்தார். மூக்கு கூரையில் முட்டியது. பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு, ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"கூரை வரைக்கும்னு எழுதிடுறேன்" என்று முனகினார். "இவங்க கேக்குறாங்க."

ஒரு கூலிக்காரியை அவர் 'இவங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

எழுதினார். காய்ச்சலையும் அடித்துத் திருத்தினார். ஏழாம் வாசலை இடித்தார்கள். கன்னையாவுக்கு மேட்டில் வேறு வீடு கிடைத்தது. பிள்ளையும் அங்கேயே சுகமாகப் பிறந்தது.

மற்ற பத்தொன்பது வாசலைப் பற்றி ஆபீசில் யாரும் கேட்கவில்லை. ஏழில் கூரை தொட்ட வெள்ளம், ஆறிலும் எட்டிலும் முழங்காலோடு நின்றதாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சர்க்கார் தண்ணீர், சொன்ன இடத்தில் நிற்கும்.

எட்டாம் வாசலில் பவுனம்மாள் குடும்பத்தோடு குடியேறினாள். முதல் நாள் காலை அடுப்புப் பற்றவே இல்லை.

"வெறகு காஞ்சுதானே கெடக்கு?" என்று சலித்துக்கொண்டே சாம்பலைக் கிளறினாள்.

உள்ளே, விரல் நீளக் கெளுத்தி மீன் ஒன்று உயிரோடு துள்ளியது.