படகுத்துறை டெலிடைப்

பட்டியலின் முதல் வரி வெறுமையாக இருந்தது.

மை நாடா தீர்ந்துவிட்டதோ என்று பிலோமி டெலிடைப்பின் மூடியைத் தூக்கி நாடாவைத் தொட்டுப் பார்த்தாள், விரல் கறுத்தது. அதே கட்டளையை மறுபடி அடித்தாள். கணிப்பொறிக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்களை உருளைக் காகிதத்தில் தடதடவென்று அச்சடிக்கும் அந்த இயந்திரம், முதலில் ஒன்றுமே அடிக்காமல் காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளியது. பிறகுதான் பெயர்களைத் தொடங்கியது.

எழுபத்தெட்டாம் வருஷத்து டிசம்பர். சனிக்கிழமை பிற்பகல். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியிருந்த அந்த ரசாயன ஆலையின் அலுவலகத்தில் எல்லாரும் அரைநாளோடு கிளம்பிவிட்டார்கள். கணிப்பொறி அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முனகலுக்கு அடியில் மழை, மழைக்கு அடியில் கடல், இரண்டுக்கும் நடுவே எங்கோ தளர்ந்த தகரம் ஒன்று அடித்துக்கொள்ளும் சத்தம் என்று ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்க, ஜன்னல் இடுக்கு வழியாக ஈரச் சாக்கும் குளோரினும் அழுகிய மீனும் கலந்த வாடை மெல்ல உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

பெயரில்லாமல் ஒரு கோப்பு இருக்க முடியாது. ஆனால் ஓர் இடைவெளியையே பெயராக வைத்துவிட்டால்? அச்சில் அது வெற்று வரியாகத்தான் விழும். கணிப்பொறியை இயக்கும் யூனிக்ஸ் என்ற அந்தப் புது ஏற்பாட்டில், சொன்னதைச் சொன்னபடி செய்வது மட்டும்தான் இயந்திரத்துக்குத் தெரியும். அதனால் இப்படி விளையாட நிறைய இடம் உண்டு. இந்த ஆலையில் அந்த விளையாட்டை ஆடியவர் ஒரே ஒருவர்தான். ஸ்டானிஸ்லாஸ்.

அவளோடு வேலை பார்த்த ஆபரேட்டர். கட்டடத்துக்குப் பின்னால் கடலுக்குள் நீண்டிருந்த படகுத்துறையின் முனையில் ஒரு கொட்டகை இருந்தது. அதில் இரண்டாவது டெலிடைப். அங்கே உட்கார்ந்து சரக்கு விவரம் அனுப்பும்போதே அவளுக்கு ஒரு பொறியும் வைத்துவிடுவார். அழிக்க முடியாத கோப்பு, உள்ளே போனால் வெளியே வரவே முடியாத கேள்வி. அவள் அவிழ்த்துவிட்டால் கடைசியில் ஒரு நக்கல் வரி காத்திருக்கும். போன மாதப் புயலில் அந்தக் கொட்டகையும் டெலிடைப்பும் அவரும் ஒன்றாகக் கடலுக்குள் போனார்கள். உடல் கிடைக்கவில்லை.

இப்போது அவருடைய மனைவி ஹில்டா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறாள்.

“எதுனா தெரிஞ்சுதா, பிலோமி?”

“இல்லக்கா.”

“காசிமேட்ல போட்டுக்காரங்க எல்லாராண்டயும் சொல்லி வெச்சிகீறேன். எங்கனா கரை ஏறியிருப்பாரு. அவரு நல்லா நீஞ்சுவாரு.”

பிலோமி வெற்று வரியின் விவரத்தை இயந்திரத்திடம் கேட்டாள். இன்றைய தேதி. சற்றுமுன்தான் எழுதப்பட்டது. எழுதியவர்: ஸ்டானி.

யாரோ அவருடைய ரகசியச் சொல்லைத் தெரிந்துகொண்டு கேலி செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். இடைவெளியை மேற்கோள் குறிகளுக்கு நடுவில் வைத்து, கோப்பைத் திறந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ், அவர் எழுதுவது போலவே:

கண்டுபுடிச்சிட்டியாமே.

விரல்கள் தாமாகவே மறுபடி பட்டியலைக் கேட்டன. இப்போது புதிதாக இன்னொரு பெயர். சிறு கோட்டில் தொடங்கியது. அப்படித் தொடங்கினால் அதைப் பெயரென்று இயந்திரம் எடுத்துக்கொள்ளாது. ஏதோ உத்தரவென்று நினைத்து முரண்டுபிடிக்கும். இதுவும் அவருடைய பழைய பொறிதான். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்துத் திறந்தாள்.

ரொம்பக் குளிருது.

ஏசியின் காற்று அவள் பின்கழுத்தில் பட்டது. அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே இருந்திருக்கலாம். எந்தெந்த டெலிடைப்பில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லும் கட்டளை. அடித்தாள்.

அலுவலகம்: பிலோமி.

படகுத்துறை: ஸ்டானி.

“இன்னாடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு?” ஹில்டா எழுந்து வந்துவிட்டாள். ஈரக் குடை தரையில் விழுந்தது.

மறைத்திருக்கலாம். காகிதத்தைக் கிழித்துக் கசக்கியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபடி பிலோமியால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஹில்டா விரலால் கடைசி வரியைத் தொட்டாள். “அவரு பேருதானே இது?” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நான்தான் சொன்னேனே. எங்கியோ இருந்துகினு அனுப்புறாரு. கேளு பிலோமி, எங்க கீறாருன்னு கேளு.”

பிலோமி மறுபடி பட்டியலைக் கேட்டாள், மூன்றாவது கோப்பு அதற்குள் வந்திருந்தது. இது படிக்கும் கோப்பு இல்லை, ஓட விடும் நிரல். பெயர் ஒரே ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கு ‘எல்லாம்’ என்று அர்த்தம். அதை அழிக்கப்போனால் இருக்கிற எல்லாம் அழிந்துவிடும். பிலோமி ஜாக்கிரதையாக, குறிக்கு இருபுறமும் மேற்கோள் வைத்து, ஓட விட்டாள்.

பக்கத்துல யாரு?

அவ்வளவுதான். இயந்திரம் பதிலுக்குக் காத்திருந்தது. நிறுத்தும் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பக்கத்துல யாரு?

“சொல்லுடி.”

“வேணாம்க்கா. எனக்கு என்னவோ மாதிரி கீது.”

“நான் கீறேன்னு அவருக்குத் தெரிய வேணாமா? சொல்லு பிலோமி, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

பக்கத்துல யாரு? பக்கத்துல யாரு? காகிதம் சுருள் சுருளாக மேசையிலிருந்து வழிந்தது. பிலோமி ஹில்டாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

சரி, என்றது இயந்திரம்.

நக்கல் இல்லை. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. டெலிடைப் அடங்கிவிட்டது. விடைக்குப் பின்னால் ஸ்டானி அண்ணன் சும்மா இருந்ததே கிடையாது.

“இங்கியே இருங்கக்கா. தோ வந்துடறேன்.”

வராந்தாவில் வாட்ச்மேன் எத்திராஜ் சாக்கைப் போர்த்திக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். படகுத்துறை டெலிடைப்புக்குப் போகும் கம்பியைக் காட்டச் சொன்னாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டு, சுவரோரமாக நடந்து, ஆணியில் சுற்றித் தொங்கவிட்டிருந்த அறுந்த முனையைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“புயலன்னிக்கே பூட்ச்சும்மா. அந்தாண்ட கொட்டாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலகையே பாதிதான் கீது. இன்னாத்துக்குக் கேக்குற?”

கம்பியின் செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர்தான் என்று நினைத்தாள். ஆனால் கம்பி இருந்த இடம் தாழ்வாரத்துக்கு உள்ளே. அங்கே சுவர் காய்ந்து கிடந்தது.

கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. எத்திராஜ் போய்விட்டார்.

அவள் ஓடினாள்.

அறையில் ஸ்டூல் காலியாக இருந்தது. குடை தரையிலேயே கிடந்தது. கடலைப் பார்த்த பின்கதவு திறந்து, காற்றில் மெல்ல ஆடியது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. கழற்றி ஒழுங்காக வைத்த செருப்பு.

“அக்கா!”

டெலிடைப் தானாக விழித்துக்கொண்டது. ஆனால் தடதடவென்று இல்லை. ஓர் எழுத்து. நிறுத்தம். இன்னோர் எழுத்து. தட்டச்சுத் தெரியாத ஒருவர், ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பது போல.

பி. லோ. மி.

அவள் காகிதத்தின் மேல் குனிந்தாள்.

இது அவரு இல்ல.

பின்கதவு வழியாக வெளியே போனாள். மழை கண்ணில் அறைந்தது. படகுத்துறைப் பலகைகள் வழுக்கின. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பலகை முடிகிற இடம் வரை போனாள். அதற்கு மேல் கடலுக்குள் கழிகள் மட்டும் நின்றன. கழிகளுக்கு நடுவே பழுப்பு அலை ஏறி இறங்கியது.

அங்கே ஹில்டா உட்கார்ந்திருந்தாள்.

கீழே எதுவும் இல்லை. நாற்காலி இல்லை. பலகை இல்லை. தண்ணீருக்கு மேல், வெறும் காற்றில், முதுகு நிமிர்ந்து, முழங்கால் மடங்கி. முடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கண்கள் பிலோமியையே பார்த்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

கைகள் மட்டும் அசைந்தன. எதிரே இல்லாத ஏதோ ஒன்றின் மேல் ஒரு விரல் இறங்கியது. பின்னால், திறந்த கதவுக்குள், டெலிடைப் தட் என்றது. இன்னொரு விரல். தட்.

அந்த விரல்கள் தாமாக இறங்கவில்லை; பிலோமியை இங்கே வரவழைத்த வரியையும் தாமாக அடித்திருக்கவில்லை. ஒவ்வொரு விரலின் மேலும் இன்னொரு விரல் இருந்தது. வெளிறி, ஊறி உப்பி, நகமில்லாமல். தண்ணீருக்குள்ளிருந்து நீண்டு வந்த இரண்டு கைகள் ஹில்டாவின் கைகளைப் பின்னாலிருந்து பொத்திப் பிடித்து, நிதானமாக, அவசரமே இல்லாமல், அடுத்த எழுத்தை அழுத்தின.