அனிதா கொண்டுவந்த பாதிச் சேதி

அன்று ஏரிக்கரைத் தெருவில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். ஆக்கிவிட்டவள் ஐந்தாம் வகுப்பு அனிதா.

அவள் கையில் ஓர் எக்ஸ்ரே படம் இருந்தது. அவளுடைய அண்ணன் பிரகாஷின் வலது காலை எடுத்த படம்.

பிரகாஷ் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் சின்னப்பன் மாமாவின் படகிலிருந்து தண்ணீரில் குதிக்கும்போது சறுக்கி, படகின் விளிம்பில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டான். தோல் கொஞ்சம் பிய்ந்தது. அது ஆறியும் போனது. ஆனால் அதற்கப்புறம்தான் வலி ஆரம்பித்தது.

"எலும்புக்குள்ள யாரோ பூந்து குத்தற மாதிரி கீதும்மா," என்றான்.

அம்மா எல்லம்மா இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா காலைப் பார்த்தார். வலிக்கு மாத்திரை எழுதினார். எக்ஸ்ரே எடுத்து வந்து காட்டச் சொன்னார்.

எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் மாத்திரை கொடுக்கும் ஜன்னலை மூடப்போவதாக யாரோ சொன்னார்கள். அம்மா அந்த வரிசைக்கு ஓடினாள். பிரகாஷ் வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அதனால் படத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனவள் அனிதாதான்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எலும்பு எங்கேயும் உடையலை," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் அனிதாவின் மண்டையில் ஏறவில்லை. டாக்டரம்மா இன்னும் என்னவோ சொன்னார். "அம்மாகிட்ட மறக்காம சொல்லணும்," என்றும் சொன்னார். அனிதா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். அதற்குள் அவள் கால்கள் வாசலுக்கு வந்துவிட்டன.

"அண்ணா! எலும்பு உடையலையாம்! ஒண்ணும் இல்லியாம்!"

பாவம், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன் இனிமேல் நடக்கவே மாட்டானோ என்று வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பயந்துகொண்டு வந்தவள் அவள்.

சந்தோஷத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளவும் அனிதாவுக்குத் தெரியாது. தங்கள் ஊரான சுண்ணாம்புக்குளத்தில் பஸ் இறங்கி வீடு வந்து சேர்ந்ததுமே படத்தோடு தெருவுக்குப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு சரோஜா அத்தை படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இன்னாடி இது, மீனைத் தின்னுட்டு முள்ளை மட்டும் படம் புடிச்ச மாதிரி கீது!"

சின்னப்பன் மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் ஆராய்ந்தார்.

"மாமா, தலைகீழா புடிச்சிக்கினு இருக்கீங்க," என்றாள் அனிதா.

"எப்படிப் புடிச்சா இன்னா? எலும்பு எலும்புதானே," என்றார் மாமா. "நல்லா கருங்கல்லு மாதிரி கீது. இதை வெச்சிக்கினா உங்க அண்ணன் நொண்டறான்?"

அங்கேதான் காரியம் கெட்டது.

பிரகாஷின் பேர் ஏற்கெனவே கொஞ்சம் கெட்டுப்போன பேர். போன வருடம் கணக்குப் பரீட்சை அன்று வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தான். மத்தியானம் பார்த்தால் கொய்யா மரத்தின் உச்சியில் இருந்தான். அதைத் தெரு மறக்கவில்லை. தெரு எதைத்தான் மறந்தது?

'எலும்பு உடையலை' என்று புறப்பட்ட சேதி, தெருவின் பாதியில் 'ஒண்ணும் இல்லியாம்' என்று ஆனது. தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது 'சும்மா நடிக்கிறானாம்' என்று ஆகிவிட்டது. சின்னப் பையன்கள் பிரகாஷின் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார்கள். "சினிமாவுல சேர்த்து வுடலாம்," என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

பிரகாஷ் வீட்டுக்குள் வந்து சுவரோரமாகப் படுத்துக்கொண்டான்.

"அண்ணா, கொஞ்சம் நடந்து பாரேன். போவப் போவ சரியாப் பூடும்," என்றாள் அனிதா.

"வலிக்குது அனிதா. நெசமா."

"எக்ஸ்ரேல இல்லியே!"

 பிரகாஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று அனிதா பிற்பாடு எத்தனையோ தடவை ஏங்கினாள். வாயிலிருந்து போனது போனதுதான்.

நைனா முனியன் கெட்டவர் இல்லை. ஆனால் ஊர் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"பள்ளிக்கூடம்தான் லீவாச்சே, நாளைக்கு எங்களோட தண்ணியில எறங்குடா," என்றார். "தண்ணியில கெடந்தா காலு தன்னால லேசாயிடும்."

பிரகாஷின் வீட்டார் வலை வைத்து மீன் பிடிப்பவர்கள் இல்லை. வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள். ஏரியில் ஆழம் குறைந்த இடத்தில் மண்டி போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றில் விட்டுத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனை ஓலையில் முடைந்த சின்னக் கூடை. கைகள் இரண்டும் சேற்றில் இருப்பதால், அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி விழும். பிடித்த இறாலெல்லாம் ஓடிப்போகும்.

மறுநாள் காலையில் பிரகாஷும் பறியைக் கடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மடக்கி, மண்டி போட்டான். அனிதா கரையோரத்தில் அலுமினியக் குண்டானோடு நின்றாள். பறிகளில் வரும் இறாலை அதில் கொட்டி வைப்பது அவள் வேலை.

பிரகாஷ் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"பாத்தியா! தண்ணியில எறங்கினதும் வலி போன எடம் தெரியல," என்றார் நைனா. அம்மாவுக்கும் நிம்மதியாக இருந்தது. அனிதாவுக்கும்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரகாஷ் கரைக்கு வந்தான். கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் வந்தான். அனிதா அவன் பறியை வாங்கிக் குண்டானில் கவிழ்த்தாள். அப்போதுதான் பார்த்தாள். பறியின் விளிம்பு கிழிந்து, ஓலை நார்நாராகத் தொங்கியது. அம்மா அப்போதுதான் முடைந்து கொடுத்த புதுப் பறி அது.

"இன்னாண்ணா இது? எலி கடிச்சுதா?"

"நான்தான் கடிச்சேன்."

"ஏன்?"

"வாயைத் தொறந்தா கத்திடுவேன். கத்துனா நடிக்கிறான்னு சொல்வாங்க." பிரகாஷ் மூச்சு வாங்கினான். "எறாவும் ஓடிப்பூடும்."

அனிதா பறியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். முகமெல்லாம் ஏரித் தண்ணீர். அதில் எது கண்ணீர் என்று தெரியவில்லை. கணக்குப் பரீட்சை அன்று அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். நடித்தபோது அப்படிக் கத்தியவன், இப்போது சத்தம் வெளியே வரக் கூடாது என்று ஓலையைக் கடித்துக் கிழித்திருக்கிறான்.

அவள் குண்டானைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலை ஆட்டாத. எறா தடவற மாதிரி மெல்லமாத் தடவிப் பாக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு, கணுக்காலிலிருந்து விரல் நுனியால் மெல்ல மெல்ல மேலே தடவிக்கொண்டு வந்தாள். பிரகாஷ் அசையவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் அவன் துடித்துப்போனான். விரலைத் தள்ளி வைத்தாள், சும்மா இருந்தான். திரும்ப அதே இடத்தில் வைத்தாள், திரும்பத் துடித்தான். அந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது. அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தும் சுட்டது. நெற்றியைத் தொட்டாள். அதுவும் சுட்டது.

காய்ச்சல்!

அந்தச் சொல் மனசில் வந்ததும் டாக்டரம்மா சொன்ன மீதியும் கூடவே வந்துவிட்டது. 'உடையலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லை. ஆரம்பத்துல சிலது எக்ஸ்ரேல தெரியாது. வலி குறையலைன்னாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே கூட்டிட்டு வரணும். அம்மாகிட்ட மறக்காம சொல்லணும்.'

அவள் சொல்லவே இல்லை. தெரு முழுவதும் சொல்லித் திரிந்தவள், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அனிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருந்தால் ஆகாது என்றும் தெரிந்தது.

"நைனா! நைனா!"

அவள் போட்ட சத்தத்தில் நைனா, அம்மா, சரோஜா அத்தை எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். படகைக் கழுவிக்கொண்டிருந்த சின்னப்பன் மாமாவும் வந்து நின்றார்.

"டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க நைனா. நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். வலி நிக்கலைன்னா, காய்ச்சல் வந்தா உடனே கூட்டியாரச் சொன்னாங்க. எக்ஸ்ரேல எல்லாமே தெரியாதாம். அண்ணனுக்கு இப்ப ஒடம்பு சுடுது."

"தண்ணியில கெடந்தா சுடத்தான் செய்யும்," என்றார் சின்னப்பன் மாமா. "படத்தை நானே பார்த்தேனே. எலும்பு கருங்கல்லு."

அனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, ஏரி கலங்கிக் கெடக்குது. மேல நின்னு பார்த்தா எறா தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்? கையை வுட்டுத் தடவணும்."

"தெரியலைன்னா எறா இல்லைன்னு திரும்பிப் பூடுவோமா? நாமளே இப்படிச் சொல்லலாமா மாமா? இங்க தடவிப் பாருங்க. இந்த ஒரு எடம்தான்." சின்னப்பன் மாமா குனிந்ததும் அவள் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். "நீங்க வேணாம். உங்க கை முரட்டுக் கை. நைனா பார்க்கட்டும்."

நைனா மகனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இருட்டுச் சேற்றில் நகக்கண் அளவு குஞ்சு இறாலையும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. அனிதா காட்டிய இடத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. நைனாவின் முகம் மாறிப்போனது.

"எல்லம்மா, ஆட்டோவுக்குச் சொல்லு," என்றார்.

சின்னப்பன் மாமாதான் ஆட்டோவுக்கு ஓடினார்.

டவுன் ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. பிரகாஷின் காலைத் தொட்ட உடனேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். அன்றைக்கே ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அங்கே பெரிய மெஷினில் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். பிய்ந்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போய், எலும்புக்குள்ளேயே தங்கி, சீழ் வைத்துவிட்டது என்றார்கள். சின்னதாக ஓர் ஆபரேஷன் நடந்தது. கையில் ஊசி குத்தி, நாள் தவறாமல் மருந்து ஏற்றினார்கள்.

"காலுக்கு ஆபத்து இல்லை," என்று பெரிய டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டி வந்திருந்தா கத்தி வைக்காமலேயே, மருந்துலேயே சரிபண்ணியிருக்கலாம்."

இந்தத் தடவை அனிதா ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனிதா போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தான் நைனா சரியா சொல்லல."

"நான்தானேம்மா அவனை மண்டி போட வெச்சேன்," என்றார் நைனா.

துண்டின் ஒரு முனையை இழுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பிரகாஷ் வீட்டுக்கு வந்தபோது காற்றும் மாறி, மழையும் தொடங்கிவிட்டது. அக்குளில் கட்டை வைத்துக்கொண்டு வந்தான். ஏரிக்கரையில் அவனை ஓட்டத்தில் ஜெயிக்க ஆள் கிடையாது. இனி அடுத்த கோடை வரைக்கும் ஓடக்கூடாது, மண்டி போடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சரோஜா அத்தை நண்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்க்காமல், "சூடா கீது, பார்த்துச் சாப்புடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் நொண்டிக் காட்டிய பையன்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வராமல் ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். சின்னப்பன் மாமா மட்டும் உள்ளே வந்தார். தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பெரிய மெஷினுல எடுத்தாங்களே, அந்தப் படம் கீதா? சும்மா பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

"அதெல்லாம் பொட்டியில வெச்சிப் பூட்டியாச்சு மாமா," என்றாள் அனிதா.

ஒருநாள் சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து பிரகாஷ் கூப்பிட்டான்.

"அனிதா... கால் வலிக்குது..."

பென்சில் ஒரு பக்கம் விழுந்தது, நோட்டு ஒரு பக்கம் விழுந்தது. அவள் உள்ளே ஓடி, அவன் காலுக்கடியில் தலையணையை வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். மாத்திரை எங்கே என்று தேடினாள். அம்மாவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள்.

"ஏய், நில்லு நில்லு!" பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "சும்மா சொன்னேன். தண்ணிதான் வேண்டியிருந்துச்சு. எழுந்திருக்க சோம்பேறித்தனமா இருந்துச்சு."

அனிதா திரும்பி வந்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்து அவன் தலையணையை எடுத்துக் கேடயமாகப் பிடித்தான். அவள் சண்டைக்கு வரவில்லை. அவன் காலருகே உட்கார்ந்து, தழும்பைச் சுற்றி விரல் நுனியால் ஒருமுறை மெல்லத் தடவிப் பார்த்தாள். சுடவில்லை.

"நல்லா ஏமாந்துட்டியா?" என்றான் பிரகாஷ்.

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன்," என்றாள் அனிதா. "அடுத்த தடவை கூப்புட்டாலும் ஓடி வருவேன்."