நாற்பது டன் ஆன்டிமனி

தொலைபேசி அலறியது.

"லவினியா! டுசல்டோர்ஃப் துறைமுகப் பக்கம்... கனிமக் கணிப்பு நிலையம். ஒரு பிணம்!"

இருபது நிமிடத்தில் கொலைப் பிரிவு இன்ஸ்பெக்டர் லவினியா அங்கே நின்றாள்.

லூக்காஸ் தன் மேசைமீதே கவிழ்ந்து கிடந்தார். எந்த உலோகத்துக்கு எப்போது தட்டுப்பாடு வரும், எது எப்போது குவியும் என்று முன்கூட்டிச் சொல்பவர். ஒரு தாதுக்கல் அவர் பின்மண்டையைப் பிளந்திருந்தது.

பக்கத்தில் அச்சிட்ட அறிக்கை. ஆன்டிமனி... தோட்டாவுக்கும் தீப்பிடிக்காத பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய உலோகம். அறிக்கை நண்பகல் பன்னிரண்டுக்கு இணையத்தில் தானாக வெளியாகும்.

முதல் பக்கத்தைக் காணவில்லை!

லூக்காஸின் உதவியாளர் சுஜானி மூலையில் ஒடுங்கி நின்றாள். காலையில் கதவில் பதிவானவை இரண்டே அட்டைகள். லூக்காஸுடையது. அவளுடையது. முந்தைய நாள் இருவரும் உரத்த குரலில் சண்டை போட்டதை மாடியே கேட்டிருந்தது. அரசு வழக்கறிஞர் அவளை மாலைக்குள் உள்ளே தள்ளத் தயார்.

"சண்டை பிடிச்சனான் அக்கா. ஓம். ஆனா கொல்லேல்லை! நான் வரேக்க செத்துக் கிடந்தார்..."

"முதல் பக்கத்தில என்ன இருந்தது?"

"ஆன்டிமனி குவியும், விலை விழும் எண்டு."

"அதுவோ உங்கட கணிப்பு?"

சுஜானி அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"அது மூண்டில ஒண்டு! தேவை குறைஞ்சா என்ன, இப்பிடியே போனா என்ன, கூடினா என்ன... எப்பவும் மூண்டும் எழுதுவம். எது நடக்கும் எண்டது கடைசிப் பக்கத்தில. இது தெரிஞ்ச ஆக்கள் முதல் பக்கத்தைக் களவெடுப்பினமோ?"

லவினியா நிமிர்ந்தாள்.

"இது தெரியாத ஆள் ஆர் இங்க வாறது?"

"விஜயரத்தினம் அண்ணை. ஆன்டிமனி வியாபாரி. கோப்பி குடிக்க வருவார். லூக்காஸ்தான் கதவு திறந்து கூட்டிக்கொண்டு வாறவர்."

லவினியா அவருடைய கிடங்குக்குப் போன் போட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணை, நாற்பது டன்னையும் காலமை ஒன்பது மணிக்கே வித்துப்போட்டியளாம். என்ன அவசரம்?"

"வியாபாரம் பிள்ளை. பொலிசுக்கு விளங்காது."

"லூக்காஸைக் கண்டனீங்களோ?"

"கண்டு ஒரு மாசம்!"

"அப்ப விலை விழும் எண்டு ஆர் சொன்னது? அந்தப் பக்கம் எங்க?"

அவருடைய கை... அவரை அறியாமலே கோட்டின் உள்பையைத் தொட்டது!

பாய்ந்து இழுத்தாள். நாலாய் மடித்த தாள். ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

விஜயரத்தினம் நாற்காலியில் சரிந்தார்.

"ஒரு நாள் பிந்திப் போடச் சொல்லிக் கெஞ்சினனான். ஏலாது எண்டான்... வீட்டை அடகு வைச்சு வாங்கின சாமான் பிள்ளை!"

லவினியா கைபேசியை நீட்டினாள். பன்னிரண்டுக்கு வெளியான அறிக்கை. கடைசிப் பக்கம்.

'கடும் தட்டுப்பாடு. விலை இரட்டிப்பாகும்.'

அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"கோப்பியைக் குடிச்சிட்டுப் பேசாமல் போயிருந்தா நீங்கள் இப்ப கோடீஸ்வரன்."

"இனி... என்ர கதி?"

லவினியா விலங்கைப் பூட்டினாள்.

"பயப்படாதேங்கோ அண்ணை. ஜெயில்ல இடத்துக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை!"