கோழி மறுத்த மாவு

தீவனத் தொகுதி முந்நூற்றுப் பதினெட்டை நூறு கோழிகளில் எழுபத்திரண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. முயல்களைக் கேட்கவே வேண்டியதில்லை. முகர்ந்து பார்த்ததோடு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டன.

வள்ளிநாயகி திரையில் கட்டைவிரலை வைத்து மறுப்பை உறுதி செய்தாள். நாமக்கல் தீவன ஒப்புதல் கூடத்தில் பதினோரு வருடமாக அவள் பார்க்கும் வேலை இதுதான். ஒவ்வொரு கோழியின் கழுத்திலும் பாசிமணி அளவில் ஓர் இரைமானி இருக்கும். அலகு கொத்தியதும் நாக்கும் இரைப்பையும் மூளைக்கு என்ன சொல்லி அனுப்புகின்றன என்பதை அது படித்துவிடும். மக்காச்சோளத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு கொஞ்சம் ஏறியிருந்தாலும் சிவப்பு விளக்குதான்.

அந்தக் காலத்தில் கோழிக்கு எதைக் கலந்து கொட்டினாலும் கேட்க நாதியில்லை. இப்போது ஒப்புதல் சட்டம் வந்துவிட்டது. அசோலா என்னும் நீர்ச்செடியோ, முருங்கை இலைத்தூளோ, ஈப்புழு மாவோ, எதுவானாலும் முதலில் பறவை தின்று பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். முட்டையின் மேல் 'மனமொப்பித் தின்றது' என்று முத்திரை வேறு. ஊருக்கே அதில் பெருமை. வள்ளிநாயகிக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை. வாயில்லா ஜீவனின் குரல் என்று பட்டயம் வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தாள்.

மறுத்த சரக்கு எங்கே போகிறது? படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'பிற பயன்' என்று இருக்கும். அதில் ஒரு குறி போட்டால் வேலை முடிந்தது. என்ன பயன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

காலைத் தேநீருக்கு எழுந்தபோது அபாயமணி அலறியது. கூண்டு வரிசையின் ஓரத்தில் துப்புரவு வேலை பார்க்கும் சுக்மணி தூக்குச்சட்டியும் கையுமாக நின்றாள். ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மகள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"சாப்புட முடியலீங்க்கா. கீழ கொட்ட மனசு வல்ல. கோழியாச்சும் திங்கட்டும்னு ஒரு உருண்டை போட்டேனுங்க."

தொழிலாளர் சமையலறையில் கொடுக்கிற சத்துமாவு உருண்டை அது. பக்கத்துக் கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்துகள் ஓடின: 'இது முன்பே மறுக்கப்பட்ட சரக்கு. தொகுதி 291. மறுப்பை உறுதி செய்தவர்: வள்ளிநாயகி. மறுத்ததை மீண்டும் பறவைக்கு வைப்பது வன்கொடுமை. வைத்தவர்: சுக்மணி. பணிநீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.'

வள்ளிநாயகி இரண்டாம் முறை படிக்கும்போதுதான் விளங்கியது. பிற பயன் என்றால் இதுதான். போன மாதமே சுக்மணி சொன்னாள்: "உருண்டை கசக்குதுங்க்கா, வயித்தப் பொரட்டுது." ஒருதரம் இல்லை, மூன்று தரம். "கெடைக்கறதைத் தின்னு பழகு. கோழிக்கு மேல நாக்கு நீளமா இருக்குதே உனக்கு" என்று நாலுபேர் முன்னால் வைத்து அவளைக் கிண்டல் செய்ததும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் கண்வெள்ளை மஞ்சளாகக் கிடந்தது. அதையும் பார்த்துவிட்டு, நேரத்தோடு படுத்துத் தூங்கு என்று சொன்னவள்தான் இவள்.

வெட்கத்தில் காது சுட்டது. கோழி ஒருதரம் தலையைத் திருப்பினால் கைநாட்டு வைத்துப் பதிகிறவள், ஒரு பெண் மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னதைச் சிரித்துத் தள்ளியிருக்கிறாள். சுவரிலிருந்த பட்டயத்தின் பக்கம் பார்க்கவே கூசியது.

மணிச் சத்தம் கேட்டு மேலாளர் பொன்னுரங்கம் வந்தார்.

"எதுக்கு அம்மணி பதட்டம்? கோழி வேண்டாம்னது மாவு மில்லுக்குப் போவுது. மனுசங்க சாப்பாட்டுக்கு வரம்பு வேற. சட்டப்படி எல்லாஞ் சரி."

"அதுல இருக்கறது பூஞ்சை நஞ்சுங்க சார்."

"கோழிக்கு வாயில்ல, அதனால மிசினு வெச்சுக் கேக்கறோம். இவங்களுக்குத்தான் வாய் இருக்குதே. ஆகலேன்னா சொல்லிப்போடுவாங்கல்ல?"

"சொன்னாளுங்க சார்."

"ஆருகிட்ட?"

"என்கிட்டத்தானுங்க."

அவர் தோளைக் குலுக்கினார். "பத்து மணிக்கு ஒப்புதல் வாரியத்துக்கு அறிக்கை போயிரும். அதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கணக்க முடிச்சு அனுப்பிருங்க. முந்நூத்திப் பதினெட்டும் வண்டி ஏறியாச்சு."

அவர் போனபோது ஒன்பதரை ஆகியிருந்தது. வள்ளிநாயகி வாரியத்தின் பதில்பொறியை அழைத்தாள். எந்த உயிரினம் மறுத்தது என்று அது கேட்டது. மனிதர் என்றாள். 'பட்டியலில் அப்படி ஓர் இனம் இல்லை. கோழி, முயல் ஆகியவற்றின் மறுப்பு மட்டுமே செல்லும். பதிவுபெற்ற ஓர் உயிர் உண்ணும் இடத்தில் மறுத்த சரக்கு நுழையக் கூடாது' என்று சட்டத்தை ஒப்பித்துவிட்டு ஓய்ந்தது.

அவள் இழுப்பறையைத் திறந்து உபரி இரைமானி ஒன்றை எடுத்தாள். ஒரு வார் சுக்மணியின் கழுத்துக்குப் போதவில்லை. இரண்டைச் சேர்த்துக் கட்டினாள்.

"என்னங்க்கா இது?"

"மன்னிச்சுக்க சுக்மணி. வேற வழி தெரியல."

படிவத்தில் எண்: 101. இனம்: கோழி. வயதுக்கு இருபத்துநாலு என்று போட்டதும் 'வாரம்' என்ற சொல் தானாக ஒட்டிக்கொண்டது. அதை மாற்ற இடமில்லை. முட்டையிடும் நிலை: தற்போது இல்லை. இரை உண்ணும் இடம்: தொழிலாளர் சமையலறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் விரல் தயங்கியது. திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

"நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க்கா" என்றாள் சுக்மணி. "படிச்சுட்டேன். பரவால்ல, எழுதுங்க."

உருண்டையில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஏழே நிமிடம். மாவு மில்லுக்குப் போன வண்டி வழியிலேயே நிறுத்தப்பட்டது. சமையலறைக்குப் பூட்டு விழுந்தது. குற்றச்சாட்டும் நீங்கியது: 'ஒரு பறவை தன் இரையை இன்னொரு பறவையோடு பகிர்வது குற்றமல்ல.' எண் 101-க்குக் கல்லீரல் பாதிப்பு இருக்கலாம் என்று இரைமானியே கண்டுபிடித்துச் சொன்னது. கால்நடை மருத்துவர் ஊர்தியோடு மத்தியானமே வந்தார். பதினோரு வருடத்தில் மனிதர் யாருக்கும் அந்தக் கூடத்தில் இவ்வளவு சீக்கிரம் மருத்துவம் நடந்ததில்லை.

மறுநாள் காலை கூடத்து வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், அரைவை இயந்திரத்துக்காரர்கள், கழுவுகிற பெண்கள். எல்லோரும் அந்தச் சமையலறையில் தின்றவர்கள். முன்னால் நின்ற நரைத்த மனிதர் சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"எங்களையும் எழுதிக்குங்கம்மா."

வள்ளிநாயகியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடி, "உங்க பேருங்க?" என்று கேட்டாள்.

"முருகவேலுங்க."

பக்கத்தில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்த சுக்மணி சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அவரை முயலுன்னு எழுதுங்க்கா. முயலுக்கு வெயில் நேரத்துல ஓய்வு குடுத்தே ஆகோணும்னு போட்டிருக்குது."

வள்ளிநாயகி முயல் என்று எழுதினாள். பெயரை எழுத இடம் தேடினாள். அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.